பிளாட்பாரத்திலிருந்து வாரிய வீட்டுக்கு: வட சென்னைக் குடும்பங்களுக்கான வழிமுறை

வால்டாக்ஸ் சாலை, பிராட்வே, மண்ணடி, மின்ட், பேசின் பிரிட்ஜ் ஓரங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே சமைத்து, படுத்து, பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அரசு வீட்டுக்கு இவர்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் வீட்டுப் பட்டியல் வரும்போது பெயர் இருக்காது. காரணம் தகுதிக் குறைவு அல்ல. இந்த இடத்தில் இந்தக் குடும்பம் இருக்கிறது என்று சொல்லும் காகிதம் எந்த அலுவலகத்திலும் இல்லாததுதான். அந்தக் காகிதத்தை எந்த வரிசையில் உண்டாக்குவது, எங்கே கொடுப்பது, எங்கே தட்டிப்போகும் என்பதையே இங்கே எழுதியிருக்கிறோம். நடைபாதையில் இருக்கும் குடும்பங்களுக்கும், அவர்களுக்காக மனு எழுதித் தருபவர்களுக்கும் இது உதவும்.

வீடு எந்த வழியாக வருகிறது

1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. நம் பக்கத்தில் இன்றும் ஹவுசிங் போர்டு என்றுதான் பேச்சு. வாரியத்தின் வேலைமுறை குடிசையை வைத்து உருவானது. ஒரு குடிசைப் பகுதியைக் குறிப்பார்கள், கதவுக்குக் கதவு எண் போடுவார்கள், கணக்கெடுப்பார்கள், அந்தக் கணக்கில் வந்தவர்களுக்கு ஒதுக்குவார்கள். பிளாட்பாரத்தில் இருப்பவருக்கு எண் போடக் கதவே கிடையாது. சிக்கலின் வேர் இதுதான்.

நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நீர்நிலை ஓரமோ சாலை விரிவாக்கமோ காரணமாக ஓர் இடத்தைக் காலி செய்யும்போது எடுக்கும் கணக்கெடுப்பு. இரண்டாவது, பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும் மறுகட்டுமானத் திட்டம். இது பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்குத்தான். ‘இடித்துக் கட்டும்போது உனக்கும் ஒன்று வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். மூன்றாவது, பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்ட நிதியோடு கட்டப்படும் புதிய குடியிருப்புகள். இதில் சொந்த வீடில்லாத ஏழைக் குடும்பம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் எங்கும் குடும்பத்தில் யார் பெயரிலும் நிரந்தர வீடு இருக்கக் கூடாது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வீடு பெண்ணின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலுமோ இருக்கும்.

பிளாட்பாரக் குடும்பத்துக்கு முதல் வழியும் மூன்றாவது வழியும்தான் திறக்கும். இரண்டுக்கும் தேவைப்படும் காகிதம் ஏறத்தாழ ஒன்றே. கணக்கெடுப்பு வந்த பிறகு காகிதம் தேடினால் எட்டாது. இன்றைக்கே தொடங்குங்கள்.

காகிதம்: எந்த வரிசையில்

ஆதார் முதலில். முகவரிச் சான்று இல்லையே என்று நிற்க வேண்டாம். ஆதார் ஆணையம் வகுத்த சான்றிதழ்ப் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் மாமன்ற உறுப்பினர் (கவுன்சிலர்), சட்டமன்ற உறுப்பினர், தாசில்தார், அ பிரிவு அரசிதழ்ப் பதிவு அலுவலர், அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் ஆகியோரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். கையெழுத்து ஆன நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். திருப்பி அனுப்பப்படும் படிவங்களில் பெரும்பாலும் இந்தக் குறைகளே இருக்கும்: முத்திரை போட்டோவின் மேலும் தாளின் மேலும் சேர்ந்து விழாமல் இருக்கும், ஏதோ ஒரு கட்டம் காலியாக இருக்கும், எழுத்து அடித்துத் திருத்தப்பட்டிருக்கும். கவுன்சிலர் அலுவலகத்துக்கு இரண்டு காலிப் படிவங்களோடு போங்கள். ஒன்று கெட்டால் அடுத்தது கையில் இருக்கும். முதல் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. மூட்டை தூக்கும் கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். பதிவின்போதே கருவிழி சரியாகப் பதிந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தேகத்துக்கு ஆதார் உதவி எண் 1947.

ஆதாரோடு இணைக்கும் கைபேசி எண்ணை உயிர்போலக் காக்க வேண்டும். பிளாட்பாரத்தில் போன் திருடு போவது சாதாரணம். போனதும் புது எண் வாங்காமல், அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குங்கள். எண் மாறினால் ரகசியக் குறியீடு (ஓ.டி.பி.) வராது. ரேஷன், வங்கி, விண்ணப்ப நிலை எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும்.

அடுத்தது வாக்காளர் அட்டை. எங்கள் பார்வையில் பிளாட்பாரக் குடும்பத்தின் மிக வலுவான ஆவணம் இதுதான். ஆதார் ஆளைச் சொல்லும். வாக்காளர் பட்டியல் இடத்தையும் சொல்லும். வீடற்றவர், பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்தால், அவர் குறிப்பிட்ட இடத்தில் உண்மையிலேயே படுத்துறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்க்க வேண்டும், ஒரு இரவோடு நிறுத்தாமல் மறுபடியும் வர வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. அப்படிப் பார்த்து உறுதி செய்துவிட்டால் வசிப்பிடச் சான்று தேவையில்லை. இந்த விதி களத்தில் பலருக்குத் தெரியாது. பகலில் வந்து பார்த்துவிட்டு ‘ஆள் இல்லை’ என்று எழுதிப் போய்விடுவார்கள். பகலில் அந்தக் குடும்பம் மார்க்கெட்டில் வேலையில் இருக்கும். ஆகவே படிவத்தோடு ஒரு வெள்ளைத்தாளில், ‘நாங்கள் வீடற்றோர். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை இந்த இடத்தில் இருப்போம். இரவில் வந்து சரிபார்க்கக் கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதிக் கைபேசி எண்ணோடு இணையுங்கள். முகவரியில் ‘பிளாட்பாரம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தெரு, எந்தக் கதவு எண்ணுள்ள கடைக்கு எதிரே, எந்தக் கோயிலுக்கும் எந்த மின்கம்பத்துக்கும் இடையே என்று எழுதுங்கள். ஒரே வரிசையில் இருக்கும் பத்துக் குடும்பங்களும் ஒரே அடையாளத்தைச் சொல்ல வேண்டும். ஆளுக்கொன்று சொன்னால் பத்து வெவ்வேறு இடமாகிவிடும்.

ஏற்கெனவே அட்டை இருப்பவர்கள், 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பட்டியலில் பெயர் நிற்கிறதா என்று 1950 என்ற உதவி எண்ணில் கேட்டுப் பாருங்கள். அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அது இடத்துக்குச் சான்றாகாது. மறுபடி படிவம் 6தான்.

ரேஷன் அட்டைக்கு எல்லார் ஆதாரும் வேண்டும். ஆய்வுக்கு வருபவர் ‘சமையலறை எங்கே’ என்று கேட்டு மறுத்தால் வாய்ப்பேச்சோடு விடாமல், உங்கள் மண்டல உணவுப்பொருள் வழங்கல் உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். சென்னையில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாம் இதற்குத் தோதான இடம். அடுப்பும் பாத்திரமும் தனியாக இருப்பது தெரியும் போட்டோ ஒன்றை மனுவோடு வையுங்கள்.

இதில் பலரும் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. கல்யாணமான மகனும் மருமகளும் அம்மாவின் ரேஷன் அட்டையிலேயே பெயர் வைத்திருப்பார்கள். கணக்கெடுப்பு வரும்போது அது ஒரே குடும்பம், ஒரே வீடு. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் என்பதுதான் வீட்டுத் திட்டத்தின் கணக்கில் ஒரு குடும்பம். மணமான மகன் தனிக் குடும்பம். ஆனால் காகிதமும் அப்படிச் சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்த கையோடு பெயர் நீக்கித் தனி அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

கணவரை இழந்த பெண்கள் இறப்புச் சான்றிதழ் இல்லாமல் பட்டியலில் தொங்கிப்போவதை அடிக்கடி பார்க்கிறோம். கணவர் விட்டுப்போன பெண்கள் இ-சேவை மையத்தில் கைவிடப்பட்டவர் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டில் ஒன்றாவது இல்லையென்றால், ‘கணவர் வரட்டும், கையெழுத்துப் போடட்டும்’ என்று ஒதுக்கீடு நின்றுவிடும். குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஸ்டான்லியிலோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலோ பிறந்திருந்தால் பதிவு மாநகராட்சியில் இருக்கும். அதன் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். பெயர் இல்லாமல் வெறும் ‘ஆண் குழந்தை’ என்று இருந்தால் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் தாமதக் கட்டணம் வரும்.

வருமானச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ஓராண்டுதான் செல்லும் என்பதால் சீக்கிரம் வாங்கி வைப்பதில் பயனில்லை. திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்கும்போது எடுங்கள். நாள் கூலியைக் கொண்டு ஆண்டு வருமானத்தைச் சொல்லும்போது, வேலை கிடைக்கும் நாட்களை மட்டும் எண்ணுங்கள். நாளுக்கு 600 ரூபாய், மாதம் 20 நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 1,44,000. முப்பது நாளும் பெருக்கி 2,16,000 என்று சொல்லிவிட்டு, மனைவி வருமானத்தையும் அதே மாதிரி பெருக்கிச் சேர்த்தால், இல்லாத வருமானத்தில் 3 லட்சத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

மாற்றுத்திறனாளி வீட்டில் இருந்தால் தனித்துவ அடையாள அட்டையை எப்படியாவது முடித்துவிடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, வீட்டு வசதித் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு தருகிறது. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. மனுவில் இந்தப் பிரிவை எழுதிக் கேட்க வேண்டும். தரைத்தளமும் கேளுங்கள்.

காகிதம் நனையாமல், போகாமல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, நடுவே திடீரென்று வரும் மாநகராட்சி லாரி. இரண்டும் மூட்டையோடு காகிதத்தையும் கொண்டுபோகும். அசல் ஆவணங்களைத் துணி மூட்டையில் வைக்காதீர்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று, அதுவும் உடம்போடு இருக்கும் பையில். ஒரு ஜெராக்ஸ் கட்டு நம்பிக்கையான கடைக்காரரிடம், இன்னொன்று வேறு தெருவில் இருக்கும் உறவினரிடம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரண்டு பேரின் போனுக்கு அனுப்புங்கள். சான்றிதழ் அசலை லேமினேஷன் செய்ய வேண்டாம். முத்திரையைச் சரிபார்க்க முடியவில்லை என்று மறுக்க இடம் கொடுக்கும்.

இடத்துக்கான சாட்சியங்கள்

வாக்காளர் அட்டை வரும்வரையும், வந்த பிறகும் இவற்றைச் சேருங்கள்: பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டையும் வருகைச் சான்றும், அங்கன்வாடிப் பதிவு, தடுப்பூசி அட்டை, ஸ்டான்லி புறநோயாளிச் சீட்டுகள், சாலையோர வியாபாரி அட்டை, முன்பு காலி செய்யச் சொல்லி வந்த எந்த அறிவிப்பும். இரவில் குடும்பம் படுத்திருக்கும் இடத்தைப் போட்டோ எடுக்கும்போது கடைப் பலகையோ தெருப் பலகையோ உள்ளே விழ வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, அதே கோணத்தில் எடுத்து வைத்தால், நாளைக்கு ‘நேற்று வந்து உட்கார்ந்தவர்கள்’ என்று யாரும் தள்ள முடியாது.

மனு: தனியாக அல்ல, தெருவாக

ஒரு குடும்பம் கொடுக்கும் மனு ஒரு கோப்பில் தூங்கும். ஒரு தெருவிலிருந்து முப்பது குடும்பம் கொடுத்தால் வாரியம் அதை ஓர் இடமாகப் பார்க்கத் தொடங்கும். கதவு எண் இல்லாதவர்களுக்கு இதுவே மாற்று. மனு இந்த அளவு இருந்தால் போதும்:

‘... தெருவில், ... முதல் ... வரை உள்ள நடைபாதையில் ... குடும்பங்களாகிய நாங்கள் ... ஆண்டு முதல் வசித்து வருகிறோம். எங்களில் யாருக்கும் எங்கும் சொந்த வீடு இல்லை. எங்கள் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் இதே பகுதியில் உள்ளன. எங்கள் இருப்பிடத்தை இரவு நேரத்தில் நேரில் பார்த்துக் கணக்கெடுக்கவும், வட சென்னையில் உள்ள திட்டப் பகுதியில் வீடு ஒதுக்கவும் வேண்டுகிறோம். குடும்பத் தலைவி பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, வாக்காளர் அட்டை எண், ஆதாரின் கடைசி 4 எண்கள் அடங்கிய பட்டியல் இணைப்பு 1. ஆவண நகல்கள் இணைப்பு 2.’

‘ஏதாவது வீடு கொடுங்கள்’ என்று எழுதாதீர்கள். இரண்டே கோரிக்கை: இரவில் கணக்கெடுங்கள், பக்கத்தில் கொடுங்கள். ஆதார் எண் முழுவதையும் பட்டியலில் போட வேண்டாம். பட்டியல் பல கை மாறும்.

காமராஜர் சாலையில் உள்ள வாரியத் தலைமை அலுவலகத்தில் மேலாண்மை இயக்குநர் பெயருக்கு ஒன்று. ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்ப்பு நாளில் ஆட்சியரிடம் ஒன்று. மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நகலில் தேதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள். முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணிலும் பதிவு செய்து, மனு எண்ணைக் குறித்து வையுங்கள்.

இரண்டு மாதம் கழிந்தும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் வீடு தரவில்லை’ என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது தகவல் அல்ல, விளக்கம். இப்படிக் கேளுங்கள்: எங்கள் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்புகளின் நகல், ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் கட்டி முடித்து இன்னும் ஒதுக்காத வீடுகளின் திட்டவாரி எண்ணிக்கை, பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் அரசாணைகளின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கணக்கெடுப்பு நாள்

நாள் தெரிந்ததும் குடும்பத்தில் பெரியவர் ஒருவராவது அன்று முழுவதும் இடத்திலேயே இருக்க வேண்டும். ஒரு நாள் கூலி போவது வலிக்கும். ஆனால் அன்று இல்லாதவர் பெயரைப் பிறகு சேர்ப்பது மாதக்கணக்கான அலைச்சல். தனித்து வாழும் பெண்கள், திருநங்கைகள், வயதான தம்பதிகள் தாங்களே முன்வந்து பெயர் சொல்லுங்கள். பக்கத்துக் குடும்பத்தோடு சேர்த்து எழுத விடாதீர்கள். எழுதிய பக்கத்தைக் கேட்டு வாசித்துப் பாருங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள். டோக்கன் கொடுத்தால் அதை அசல் ஆவணமாகவே பாதுகாக்க வேண்டும். விற்கவோ அடகு வைக்கவோ கூடாது.

அதற்கிடையில் காலி செய்யச் சொன்னால்? 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நடைபாதையில் தங்குவது உரிமை என்று சொல்லவில்லை. ஆனால் வாழ்வாதாரம் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றும், அப்புறப்படுத்தும் முன் முன்னறிவிப்பும் பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும் என்றும் சொன்னது. எழுத்தில் அறிவிப்பு கேளுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமான வரம்பே கிடையாது. சட்ட உதவி அலுவலகம் உள்ள உயர் நீதிமன்ற வளாகம் உங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரம்தான்.

காப்பகத்தைப் பற்றி

மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களுக்கு 1913 என்ற எண்ணில் அழைக்கலாம். தங்கக் கட்டணம் கிடையாது. மழையிலும் பிரசவ நேரத்திலும் தயங்காமல் போங்கள். ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அடிப்படையில் நடப்பவை இவை. ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் என்று பிரிந்திருக்கும். குடும்பமாகத் தங்க இடம் குறைவு. காப்பகம் வீட்டுக்கு மாற்று அல்ல. அங்கே தங்கும் நாட்களுக்குப் பொறுப்பாளரிடம் கடிதம் வாங்குங்கள், அதில் நீங்கள் வழக்கமாக இருக்கும் தெருப் பெயரும் இருக்கட்டும். இல்லையென்றால் ‘இடத்தைவிட்டுப் போய்விட்டார்கள்’ என்று கணக்கில் விழும்.

பணமும் இடமும்

மத்திய அரசின் பங்கு, பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் முதல் கட்டத்தில் கட்டப்பட்ட அடுக்குமாடிகளுக்கு, வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய். மாநிலப் பங்கு போக மீதிதான் பயனாளி பங்களிப்புத் தொகை. அது திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஒதுக்கீட்டுக் கடிதத்தில் உள்ள தொகையை மட்டும் நம்புங்கள், வங்கி வழியாக வாரியத்தின் பெயரில் மட்டும் கட்டுங்கள். கையில் பணமாகக் கேட்பவர் யாராக இருந்தாலும் தரகர்தான். தவணை வேண்டுமென்றால், வங்கிக் கடன் ஏற்பாடு வேண்டுமென்றால், வாரியத்திடம் எழுத்தில் கேளுங்கள். கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டிய குடும்பம் ஓராண்டில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பிளாட்பாரத்துக்குத் திரும்பும். வாடகைக்கு விடவோ விற்கவோ அனுமதி இல்லாததால் ஒதுக்கீடும் ரத்தாகலாம்.

பெரும்பாக்கம் பிராட்வேயிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே அனுப்பப்பட்ட குடும்பங்களில் பலர் திரும்பி வந்ததற்குக் காரணம் வீட்டைப் பிடிக்காதது அல்ல. காசிமேட்டில் மீன் ஏலத்துக்கும் மண்ணடியில் லோடு இறக்கவும் விடியும் முன் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்து இல்லை. வடக்கிலேயே மூலகொத்தளம், புளியந்தோப்பு கே.பி. பார்க், திருவொற்றியூர் என்று வாரியக் குடியிருப்புகள் இருக்கின்றன. தூரத்து வீட்டை மறுக்க நேர்ந்தால் வாயால் ‘வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள், ‘விருப்பமில்லை’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். ‘ஒதுக்கீட்டை ஏற்கிறோம், வேலை காரணமாக வட சென்னைக்கு மாற்றித் தரக் கோருகிறோம்’ என்று எழுதிக் கொடுங்கள்.

சாவி வாங்கும்முன்

புதிய வாரிய வீடுகள் சுமார் 400 சதுர அடி: ஒரு கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை, கழிவறை. 2021இல் கே.பி. பார்க்கில் தொட்டால் பூச்சு உதிர்ந்து சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு வரை போனது. அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பழைய பகுதி இடிந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆகவே பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். ஒரு நாணயத்தால் சுவரை நான்கு இடத்தில் சுரண்டுங்கள். மணல் கொட்டினால் குறியுங்கள். குளியலறையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துத் தேங்குகிறதா பாருங்கள். எல்லாக் குழாயையும் திறந்து, சமையல் மேடைக்கு அடியில் இணைப்பில் கை வைத்துப் பாருங்கள். கூரை மூலைகளில் ஈரக் கறை, ஒவ்வொரு சுவிட்ச், லிஃப்ட் ஓடுகிறதா. குறைகளை ஒப்படைப்புத் தாளிலேயே எழுதி, அலுவலர் கையெழுத்தோடு போட்டோ எடுங்கள்.

குடிபுகுந்த முதல் மாதத்தில் மின் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறதா பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ரேஷன், ஆதார், வங்கி முகவரியை மாற்றுங்கள், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 கொடுங்கள். பள்ளி ஆண்டு நடுவில் இருந்தால் பிள்ளைகளைத் தேர்வு வரை பழைய பள்ளியிலேயே விடுவது நல்லது. குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பணம் தருகிறது. மோட்டார் பழுதானால் அந்தச் சங்கம் வழியாகத்தான் சீக்கிரம் வேலை நடக்கும். பராமரிப்பு ரசீதுகளையும் பங்களிப்புத் தொகை ரசீதுகளையும் ஒன்றுவிடாமல் சேர்த்து வையுங்கள். விற்பனைப் பத்திரம் கேட்கும் நாளில் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.